வண்டிக்குச் சொந்தக்காரர்

டிசம்பர் பிறந்துவிட்டால் பிரான்சில் ஓய்வூதியம் வாங்கும் ஒரு வகையாருக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளடங்கிய மோட்டார்ஹோமைக் கழுவித் துடைத்து, ஸ்பெயினின் அல்ஜெசிராஸ் துறைமுகத்தில் கப்பலேற்றி, ஒன்றரை மணி நேரத்தில் மொராக்கோவில் இறங்கிவிடுவார்கள். ஜனவரியிலும் அங்கே அகாதிர் நகரில் பகல் வெயில் இருபது டிகிரி அடிக்கும். இந்த வகையாரில் நாம் பார்க்கப் போவது, கூடவே நண்பரையும் நண்பர் மனைவியையும் அழைத்து வருபவரை.

"நாலு பேர் தாராளமாத் தூங்கலாம், வாங்க" என்று அழைத்தது இவர்தான். கிளம்பும் நாளில் கொக்கித் தராசோடு வாசலில் நிற்பவரும் இவர்தான். இந்த வண்டி, சாமானும் ஆட்களும் சேர்ந்து 3,500 கிலோவைத் தாண்டக் கூடாது. நண்பரின் பெட்டி தராசில் தொங்குகிறது. அவர் மனைவியின் மூன்று நாவல்களில் இரண்டு வீட்டுக்குத் திரும்புகின்றன. இவருடைய ஒயின் புட்டிகள், பன்றித்தொடைக் கறி, டின் டின்னாக அவரை ஆகியவற்றைத் தராசு பார்ப்பதில்லை. அவை அத்தியாவசியம்.

தாஞ்சியர் மெத் துறைமுகச் சுங்கத்தில் நண்பரின் டிரோனை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். மொராக்கோவுக்குள் டிரோன் கொண்டுபோகத் தடை. இவர் முகத்தில் வருத்தம் தெரிகிறது. அதற்குப் பின்னால் மகிழ்ச்சி தெரிகிறது. "நான் அப்பவே சொன்னேன்." இதைச் சொல்லக் கிடைக்காத நாள் இவருக்குப் பயண நாளே அல்ல.

வண்டிக்குள் கல்யாண வீட்டு உக்கிராணச் சாவியை இடுப்பில் செருகிய பெரியப்பாதான் இவர். தண்ணீர்த் தொட்டி கொள்வது சுமார் நூறு லிட்டர். பல் துலக்கும்போது குழாய் ஓடினால் கதவு தட்டப்படும். ரொட்டி கிடைக்காது என்று மாவு மூட்டை கட்டி வந்திருக்கிறார். 1912 முதல் 1956 வரை இருந்த பிரெஞ்சு ஆட்சி போனாலும் பாகெத் ரொட்டி போகவில்லை. எந்த ஊர்ப் பெட்டிக்கடையிலும் உள்ளூர் வட்ட ரொட்டியின் பக்கத்தில் அதுவும் கிடக்கும். நண்பர் மனைவி ஒன்றை வாங்கிவந்து மேசையில் வைக்கிறாள். இவர் மாவைப் பற்றி அதன்பின் பேசுவதில்லை.

மாலையில்தான் மகுடாபிஷேகம். தோத்ரா பள்ளத்தாக்கில் முந்நூறு மீட்டர் செங்குத்துப் பாறைகள் கடைசி வெயிலில் சிவந்துகொண்டிருக்கின்றன. இவர் தரையில் ரசமட்டத்தை வைத்துக் குமிழியைப் பார்க்கிறார். "இடது பின் சக்கரம்! ஆப்பு வை! கொஞ்சம் முன்னால... போதும்னு சொன்னேனே!" வண்டி மட்டத்துக்கு வரும்போது இருட்டிவிடுகிறது. பாறைகளைப் பார்க்கவில்லையே என்றால், நாளைக்கும் அங்கேதான் இருக்கும் என்பார். நாளைக் காலை ஆறு மணிக்குக் கிளப்பிவிடுவார்.

ஊர்களை இவர் நினைவில் வைத்திருக்கும் முறையே வேறு. 1987-இல் உலகப் பாரம்பரியச் சின்னமான ஆய்த் பென்ஹத்துவின் மண் கோட்டை என்றால், "நிறுத்துமிடம் சரிவு." 1984-இல் பெல்ஜிய ஓவியர் ழான் வெரம் நீல வண்ணம் பூசிய தஃப்ராவுத் பாறைகள் என்றால், "இடம் நல்ல மட்டம், ஆனா குழாய் கிடையாது." 2,260 மீட்டர் உயரத்து திஷ்கா கணவாய் என்றால், நூறு கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் டீசல் குடித்தது என்ற கணக்கு.

எண்பதாயிரம் யூரோ வண்டிக்கு இரவுக் காவல் இருக்கும் கிழவரிடம் ஐந்து திர்ஹாமுக்காக இருபது நிமிடம் பேரம் பேசுவார். ஐந்து திர்ஹாம் என்பது சுமார் அரை யூரோ. கிழவர் சிரித்துக்கொண்டே விட்டுக்கொடுத்துவிட்டு, விடியும் வரை வண்டியைச் சுற்றி நடப்பார்.

மெர்சூகாவின் மணல்மேடுகளுக்குப் பக்கத்தில், "இந்த மணல் கெட்டி" என்று வண்டியை இறக்கி அச்சு வரை புதைத்தும் விடுவார். ஊர்ப் பையன்கள் டிராக்டரோடு வருவார்கள். இழுத்துவிட்டு, புதினாத் தேநீரைச் சிறு கண்ணாடிக் குவளைகளில் உயரத்திலிருந்து ஊற்றிக் கொடுப்பார்கள். இவர் மூன்று குவளை குடித்துவிட்டு, சர்க்கரை அதிகம் என்பார்.

இத்தனைக்கும் மறு டிசம்பரில் நண்பர்கள் மறுபடி இவரோடுதான் கிளம்புகிறார்கள். காரணம் வண்டியின் பக்கவாட்டுச் சிறு கதவுக்குள் இருக்கிறது. கழிப்பறைக்கு அடியில் சுமார் இருபது லிட்டர் கொள்ளும் பெட்டி. இத்தனை பேர் என்றால் ஒன்றிரண்டு நாளில் நிரம்பிவிடும். யாராவது கையால் தூக்கிப்போய்க் கொட்டிக் கழுவ வேண்டும். எல்லாரும் போர்வையை இழுத்து மூடிக்கொள்ளும் விடியற்காலையில், கையுறை மாட்டிக்கொண்டு அதை இழுத்துப் போகிறவர் இவர். அந்த ஒரு வேலையைப் பற்றி மட்டும் இவர் ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை.

ஆகவே நண்பர்களோடு இப்படி ஒரு பயணம் கிளம்புகிறவர்களுக்குச் சொல்வது: "நான் அப்பவே சொன்னேன்" என்பவர் ஒருவரைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் சொல்வதையெல்லாம் கேட்க வேண்டியதில்லை. அந்தப் பெட்டியின் சாவி மட்டும் அவரிடமே இருக்கட்டும்.