ஊதுங்கள், உளறாதீர்கள்

கே: வண்டியை மறித்து ‘ஊது’ என்கிறார்கள். எனக்கு எதிராக நானே சாட்சி சொல்ல வேண்டாம் என்று அரசியல் சட்டமே சொல்லும்போது, மறுத்தால் என்ன? (மதுரை வாசகர்)

ப: நட்டம் உங்களுக்குத்தான். அரசியல் சட்டத்தின் 20(3) உங்கள் வாய்ச்சொல்லைக் காக்கிறது, மூச்சையும் ரத்தத்தையும் அல்ல. கைரேகை, கையெழுத்து மாதிரி கொடுப்பது தனக்கெதிராகச் சாட்சி சொல்வது ஆகாது என்று 1961-லேயே உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். ஊதுவதும் அந்த வரிசைதான். குடித்திருப்பதாகச் சந்தேகிக்கக் காரணம் இருந்து, நீங்கள் ஊத மறுத்தால், வாரன்ட் இல்லாமலே கைது செய்ய மோட்டார் வாகனச் சட்டத்தின் 203-ஆவது பிரிவு இடம் தருகிறது. தகுந்த காரணமில்லாத மறுப்பை, வழக்குக்கு வலு சேர்க்கும் சூழ்நிலையாக நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம் என்கிறது 205-ஆவது பிரிவு.

கே: ‘எவ்வளவு குடிச்சே?’ என்று கேட்டால்? (ஈரோடு வாசகர்)

ப: பெயர், முகவரி, ஓட்டுநர் உரிமம், வண்டிக் காகிதங்கள்: கேட்டதும் கொடுங்கள். எவ்வளவு, எங்கே, யாரோடு என்ற கேள்விகளுக்கு, “வக்கீலிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன்” என்பது போதும். உங்களையே குற்றத்தில் மாட்டிவிடும் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்கலாம் என்று, குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 180-ஆவது பிரிவு சொல்கிறது. பொய் சொல்ல மட்டும் இடமில்லை.

‘போலீஸிடம் ஒப்புக்கொண்டது கோர்ட்டில் செல்லாதே’ என்று தைரியமாக உளறாதீர்கள். ஒப்புதல் செல்லாது, நீங்கள் பெயர் சொன்ன பாரின் பில்லும் கேமராப் பதிவும் செல்லும். விசாரணையில் எழுதிக்கொண்ட வாக்குமூலத்தில் நீங்கள் கையெழுத்துப் போடத் தேவையில்லை. வெற்றுத் தாளில் கேட்டால் ஒருபோதும் போடாதீர்கள்.

கே: இருமல் மருந்து குடித்திருந்தேன். கருவி நம்புமா? (தஞ்சை வாசகர்)

ப: ஊதுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். வாயில் தங்கிய ஆல்கஹால் சிறிது நேரத்தில் போய்விடும். வாய் கொப்பளித்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி ஊத விடும்படி கேளுங்கள். ரத்தப் பரிசோதனையும் கேளுங்கள். எல்லை, 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம்.

கே: ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்துவிட்டால்? (நெல்லை வாசகர்)

ப: முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். குடித்து ஓட்டியதாகக் கைதானவரை 2 மணி நேரத்துக்குள் பதிவுபெற்ற மருத்துவர் பரிசோதிக்க வேண்டும். இல்லாவிட்டால் காவலிலிருந்து விட்டுவிட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 202-ஆவது பிரிவு இதை ஒளிவுமறைவில்லாமல் எழுதி வைத்திருக்கிறது. இவ்வளவு வலுவான உரிமை, விடியும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களில் பலருக்குத் தெரியவில்லையே என்பதுதான் என் ஆற்றாமை. கைதான நேரத்தைக் குறிக்கச் சொல்லுங்கள்.

கைதுக்கான காரணத்தைச் சொல்வதும் வீட்டுக்குத் தகவல் தருவதும் போலீஸின் கடமை. விசாரணை முழுக்க வக்கீல் பக்கத்தில் இருக்க முடியாது. ஆனால் நடுவே அவரைச் சந்திக்க உங்களுக்கு உரிமை உண்டு. வக்கீலுக்கு வசதியில்லையா? இலவசச் சட்ட உதவிக்கு 15100. விபத்து எதுவும் நடக்காமல் குடித்து ஓட்டிய வழக்கு மட்டும் என்றால் அது ஜாமீனில் விட வேண்டிய குற்றம். ஜாமீன் கொடுக்கத் தயாராக இருப்பவரை உள்ளே வைத்திருக்கக் கூடாது.

கே: பெண்ணிடம் ரத்தம் எடுப்பதென்றால்? (சென்னை வாசகி)

ப: பெண் மருத்துவர் எடுக்கலாம். ஆண் மருத்துவர் என்றால் இன்னொரு பெண் உடன் இருந்தே ஆக வேண்டும்.

கே: குடித்து ஓட்டுகிறவனுக்கு வக்காலத்தா வாங்குகிறீர்கள்? (சேலம் வாசகி)

ப: இல்லை, அம்மா. 2006-ல் மும்பை கார்ட்டர் ரோட்டில், நடைபாதையில் படுத்திருந்த 7 பேர் குடித்து ஓட்டியவரின் காருக்குப் பலியானார்கள். அவருக்கு விதித்த 3 ஆண்டுச் சிறையை 2012-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அந்த 7 உயிருக்கு அது எனக்குக் குறைவாகவே படுகிறது. விபத்தே நடக்காவிட்டாலும், முதல் முறை பிடிபட்டால் 6 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம். மறுமுறை 2 ஆண்டு வரை அல்லது 15,000. இரண்டும் சேர்ந்தும் வரலாம். சட்டப்படி எடுத்த ரத்தமும் சட்டப்படி நடந்த கைதும்தான் கோர்ட்டில் நிற்கும். அவசரத்தில் செய்த குளறுபடி குற்றவாளிக்கே கதவைத் திறந்துவிடும். வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: ஒரு மடக்கு குடித்தாலும் அன்றிரவு வண்டிச் சாவியைத் தொடாதீர்கள்.