கம்பெனிக் கணக்கில் எழுது!

சின்னசேலம் பக்கம் மரவள்ளியில் ஜவ்வரிசி ஆக்கும் சேகோ ஆலை நடத்தும் நம் முதலாளி, ஆலையைப் பிரைவேட் லிமிடெட் ஆக்கிவிட்டார். கம்பெனி வேறு, முதலாளி வேறு என்று 1897-இலேயே லண்டனில் சாலமன் வழக்கில் தீர்ப்பாகிவிட்டது. எப்போது வேறு, எப்போது ஒன்று என்பதில்தான் நம்மவர் மேதை.

மகள் கல்யாணமா? கம்பெனிக் கணக்கு. அழைப்பிதழ் ‘விளம்பரம்’. பந்தி ‘வியாபார மேம்பாடு’. பட்டுப்புடவை ‘ஊழியர் நலன்’. எந்த ஊழியர்? டைரக்டர் சம்பளம் வாங்கும் அவர் சம்சாரம்தான். அந்தம்மா ஆலைப் பக்கம் வருவது ஆயுத பூஜைக்கு மட்டும்.

முழுக்க முழுக்கத் தொழிலுக்காகச் செய்த செலவைத்தான் கழிக்கலாம், சொந்தச் செலவு ஆகாது என்றது 1961-ஆம் வருஷத்து வருமான வரிச் சட்டத்தின் 37(1) பிரிவு. 2025-இன் புதுச் சட்டமும் அதையே சொல்கிறது. ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தாலும் கழிவு கிடையாது. விவசாயியிடம் விளைச்சல் வாங்கினால் அதற்கு விலக்கு உண்டு. பாடுபட்டவன் கையில் உடனே காசு சேரட்டும் என்ற கரிசனம்! அந்தக் கரிசனத்தில்தான் நம் முதலாளி வீட்டுக்கு மாடி எழும்பியது. டைல்ஸுக்குப் போன பணத்துக்கெல்லாம் மரவள்ளி வவுச்சர். மேலே கல்வராயன் மலைக்காரர் ஒருவர் பெயர், கீழே ஊதா மையில் ஒரு கைநாட்டு. முளைக்காத கிழங்குக்கு முழு விலை.

முளைத்த கிழங்கை லாரியில் ஏற்றிக்கொண்டு அதே மனிதர் நேரில் வரட்டும். “பாயிண்ட் கம்மி” என்று மாவுச்சத்தில் ஒரு வெட்டு. மண்ணுக்கும் ஈரத்துக்கும் இன்னொரு வெட்டு. மிச்சத்தையாவது கொடுங்கள் என்றால், “இது கம்பெனிப் பணம்பா, நான் தொட முடியுமா? போர்டுல வைக்கணும்” என்பார். போர்டு என்பது அவரும் சம்சாரமும் ராத்திரி இட்லி சாப்பிடும் நேரம்.

1976 வரை அந்தக் கல்வராயன் மலை மூன்று ஜாகீர்தார்கள் கையில் இருந்தது. மலைக்காரரிடம் பறிக்க அவர்களுக்கு வவுச்சர் எழுதும் சிரமம் இருக்கவில்லை.

அரவை எந்திரத்தில் ஒரு பெண்ணுக்கு இரண்டு விரல் போகட்டும், அன்றைக்கு மட்டும் முதலாளிக்கு 37(1) ஞாபகம் வரும். “ஆஸ்பத்திரிச் செலவு சொந்தச் செலவும்மா, ஆடிட்டர் ஒத்துக்க மாட்டார்.” வேலையில் அடிபட்டவருக்கு முதலாளிதான் ஈடு கொடுக்க வேண்டும் என்று 1923-இலிருந்து சட்டம் இருக்கிறது. கம்பெனி நியாயமாகக் கொடுக்க வேண்டிய செலவே அதுதான், வரியிலும் கழியும். ஆனால் அந்தப் பெண் ஆலையில் வேலை பார்த்ததற்கே கணக்கு இல்லையே!

ஆலையில் இரண்டு ஷிப்டு ஓடுகிறது. வருகைப் பதிவேட்டில் 19 பேர். வருங்கால வைப்பு நிதிக் கட்டாயம் 20 பேரில் தொடங்குகிறது.