ஏழு சதவீத மூத்திரம்

பெண்களுக்கு மூத்திரம் வரும் என்பதை உலகம் எழுத்துபூர்வமாக ஒப்புக்கொண்டு வெகுகாலம் ஆகிறது. வேலையை அளப்பது எப்படி என்று ஜெனீவாவில் இருக்கும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1957-ல் ஒரு நூல் போட்டது; பிறகு பலமுறை திருத்தியும் அச்சிட்டது. அந்த வழியில் வந்த அட்டவணையைத்தான் இன்றைக்கும் ஆடைத் தயாரிப்பு படிக்கிற பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். சொந்தத் தேவைக்கு ஆணுக்கு 5 சதவீதம், பெண்ணுக்கு 7 சதவீதம். அலுப்புக்கு இருவருக்கும் ஒரே 4. எட்டு மணி நேர வேலையில் அந்த 7 சதவீதம் ஏறத்தாழ அரை மணி நேரம். தண்ணீர் குடிக்க, முகம் கழுவ, ஒன்றுக்குப் போக.

இதையும் சேர்த்துத்தான் ஒரு பீஸ் தைக்க இத்தனை நிமிடம் என்று எஸ்.ஏ.எம். போடுகிறார்கள். ஸ்டாப்வாட்ச் பிடித்து எடுத்த நேரத்தின் தலையில் இந்தச் சதவீதங்களை ஏற்றி, வரும் எண்ணை வைத்தே டார்கெட், எபிசியன்சி, இன்சென்டிவ் எல்லாம். ஆக, அந்த அரை மணி நேரம் முதலாளி மனமிரங்கிப் போடும் தர்மம் கிடையாது. கணக்கிலேயே இருக்கிற காசு. கணக்கில் இருப்பது தளத்துக்கு வரும்போது மட்டும் காணாமல் போகிறது.

"சார், ஒன்னுக்குப் போயிட்டு வந்திர்றேன் சார்."

"இப்பத்தானம்மா போன?"

"அது காலைல சார்."

"இந்த ஹவர் முடியட்டும். பீஸ் குமியுது பாரு."

எந்த ஆலை என்று கேட்காதீர்கள். எந்த ஆலையில் இல்லை என்று கேளுங்கள், பட்டியல் சின்னதாக இருக்கும். சூப்பர்வைசர் மேஜையில் ஒரு டோக்கன் தொங்கும். லைனுக்கு ஒன்று. அது இருந்தால்தான் போகலாம். போனவள் திரும்பி வந்தால்தான் அடுத்தவள் போகலாம். முப்பது பேருக்கு ஒரே ஒரு மூத்திரப்பை என்பது இவர்களுடைய உடற்கூற்றியல். ஆகவே பெண்கள் ஒரு தற்காப்பு கண்டுபிடித்திருக்கிறார்கள்: தண்ணீரே குடிப்பதில்லை. நீர்க்கடுப்பு வந்து ஆஸ்பத்திரிக்குப் போனால், மறுநாள் ஆப்சென்ட் பட்டியலில் பெயர் வரும். கூட்டத்தில் மேனேஜர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு சொல்வார்: "இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்கு வேலையில அக்கறையே இல்ல சார்."

எங்கள் விருதுநகர் மாவட்டத்தில் மகாராஜபுரம், வத்திராயிருப்பு, கூமாபட்டிப் பக்கத்து ஊர்களில் விடிகிற நேரத்தில் மில் வேன்களும் கம்பெனி வேன்களும் ஹாரன் அடிக்கும். கூமாபட்டியை 2025-ல் ரீல்ஸில் பார்த்துவிட்டு நாடே பிளவக்கல் அணைக்குக் கிளம்பி வந்தது. அதே சாலையில் தூக்குவாளியோடு நிற்கிற பெண்களை யாரும் ரீல்ஸ் எடுக்கவில்லை. மலை அழகாக இருக்கிறது, அவர்கள் கொட்டாவி விடுகிறார்கள். வேன் ஏறி இறங்குவதையும் சேர்த்தால் எட்டு மணி நேர வேலைக்கு வீட்டை விட்டுப் பதினோரு மணி நேரம். வேனில் கழியும் நேரத்துக்கு எந்த அட்டவணையிலும் சதவீதம் இல்லை.

இனி மேனேஜ்மென்ட் என்ற மகாசாஸ்திரத்துக்கு வருவோம். ஒரு லைன், முப்பது தையல்காரர்கள். ஒன்பது மணிக்குத் தொடங்கி, சாப்பாட்டு நேரம் போக எட்டு மணி நேரம், 480 நிமிடம். மொத்தம் 14,400 நிமிடம். பீஸுக்குப் பத்து நிமிடம் என்றால் நூறு சதவீதத்தில் 1,440 பீஸ். எழுபது சதவீதம் கொடுங்கள் போதும் என்கிறார் மேனேஜர், 1,008. நியாயமான மனிதர்தான்.

ஒன்பது மணிக்கு லைன் ரெடி. கட்டிங் வரவில்லை. டையிங்கில் ஷேடு மாறிவிட்டதாம். ஷேடு சரியானால் பட்டன் வரவில்லை. பட்டன் வந்தால், ஏதோ ஒரு லேபிளுக்கு அப்ரூவல் தரவேண்டிய வெளிநாட்டுக்காரன் தூங்குகிறான், அங்கே ராத்திரி. முப்பது பெண்கள் மிஷின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பதினோரு மணிக்குப் பண்டில் வருகிறது. தொலைந்தது 3,600 நிமிடம். மிச்சம் 10,800 நிமிடம். டார்கெட் மட்டும் அதே 1,008. காலையில் எழுபது கேட்ட நியாயஸ்தர் பதினோரு மணிக்குத் தொண்ணூற்று மூன்று கேட்கிறார். அதைச் சொல்லிக் கேட்கமாட்டார், கத்திக் கேட்பார்.

லைன் தலைமாட்டில் ஒரு வெள்ளை போர்டு இருக்கும். மணிவாரியாகக் கட்டம், டார்கெட் ஒரு பக்கம், எடுத்தது ஒரு பக்கம். குறைந்தால் சிவப்பு மார்க்கர். கடைசிக் கட்டத்துக்குக் 'காரணம்' என்று பெயர். அதில் 'ஆப்பரேட்டர் ஸ்லோ' என்று எழுதியிருக்கும், 'புதுப் பிள்ளைகள்' என்று எழுதியிருக்கும். 'மெர்ச்சண்டைசர் மூன்று நாள் மெயில் பார்க்கவில்லை' என்று எழுதியதை நான் பார்த்ததில்லை. 'மேனேஜர் ஒரே வாரத்தில் நாலு ஸ்டைல் லோடு பண்ணினார்' என்றும் பார்த்ததில்லை. ஏசி அறையில் தொலைத்த நிமிடத்தைத் தேடித் தையல்காரியின் அடிவயிற்றுக்குள் கைவிடுவதற்குப் பெயர் புரொடக்சன் கண்ட்ரோல்.

கூத்து இன்னும் முடியவில்லை. எஸ்.ஏ.எம். வைத்து விலை பேசுகிற ஆர்டர்களில் நிமிடத்துக்கு இத்தனை என்று பையரிடம் காசு வாங்குகிறார்கள். அந்த நிமிடத்துக்குள் 7 சதவீதம் இருக்கிறது. அதாவது, அந்தப் பெண் போகாத கக்கூஸுக்கு எவனோ ஒரு பையர் பணம் கட்டியிருக்கிறான். அவளுடைய மூத்திரத்தையும் ஏற்றுமதி செய்து டாலராக்கிவிட்டார்கள். பையர் யோக்கியனா என்றால் அதுவும் இல்லை. 2025 ஆகஸ்ட் 27-ல் இந்தியச் சரக்குக்கு அமெரிக்க வரி 50 சதவீதம் ஆனவுடன், விலையைக் குறை என்று திருப்பூரைக் கேட்டவர்கள் அவர்கள்தான். வாஷிங்டனில் ஒருவர் கையெழுத்துப் போட, அதன் பாரம் கப்பல் ஏறி வந்து கடைசியில் உட்காருகிற இடம் ஓவர்லாக் மிஷின் ஸ்டூல்.

ஆலையில் அக்கறையே இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஊசிமேல் அத்தனை அக்கறை. ஊசி உடைந்தால் அந்த மிஷின் நின்றுவிடும். உடைந்த துண்டுகள் அத்தனையும் கிடைக்கவேண்டும். காந்தத்தை வைத்துத் தரையெல்லாம் துழாவுவார்கள். துண்டுகளை ஒன்றுசேர்த்து ரெஜிஸ்டரில் ஒட்டி, தேதி, நேரம், மிஷின் நம்பர், கையெழுத்து எல்லாம் ஆனபிறகுதான் புது ஊசி. எங்கோ ஒரு நாட்டுக் குழந்தையின் சட்டையில் முனை தங்கிவிடக் கூடாது. நல்ல விதிதான், வேண்டிய விதிதான். அதே ஊசி தைக்கிறவள் விரல் நகத்தில் இறங்கினால் ஒரு பேண்ட்-எய்டு, "பாத்துத் தைக்கக் கூடாதா?" என்று ஒரு வசவு, அடுத்த பண்டில். ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் ஆஸ்பத்திரிக் கட்டுத்துணி நெய்து ஊர் ஊராக அனுப்புகிறார்கள். கட்டுத்துணிக்குப் பஞ்சமே இல்லாத சீமை இது. காயத்தைக் காயம் என்று எழுதத்தான் ஆளில்லை.

மாதவிலக்குக்கும் நிர்வாகம் வழி வைத்திருந்தது. தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை 2019-ல் தமிழ்நாட்டு ஆடை ஆலைப் பெண்கள் நூறு பேரிடம் பேசி வெளியிட்ட செய்தி அது: வயிற்றுவலி என்றால் சூப்பர்வைசரே மாத்திரை கொடுத்தார். பெயரில்லாத, காலாவதித் தேதியில்லாத மாத்திரை. டாக்டர் கிடையாது, சீட்டு கிடையாது. லைன் இன்சார்ஜ் எந்த மருத்துவக் கல்லூரியில் படித்தார் என்று ஆடிட் வந்தவர்கள் யாராவது கேட்டார்களா? ஆடிட் அன்றைக்கு அவர்களுக்கு வேறு வேலை இருக்கும். அன்றைக்கு மட்டும் கக்கூஸில் சோப்பு இருக்கும். குடிதண்ணீர் பானைமேல் டம்ளர் இருக்கும். டோக்கன் டிராயருக்குள் போய்விடும். "ஓவர்டைம் உண்டா?" என்று கேட்டால் என்ன சொல்லவேண்டும் என்று முந்தின நாளே பாடம் நடந்திருக்கும். அன்றைக்குத்தான் பெண்கள் வயிறு நிறையத் தண்ணீர் குடிக்கிறார்கள் என்று கேள்வி.

கராச்சியில் அலி எண்டர்பிரைசஸ் என்ற ஆலைக்கு 2012 ஆகஸ்டில் உலகத்தரச் சான்றிதழ் கொடுத்தார்கள். செப்டம்பர் 11-ல் தீப்பிடித்து 250 பேருக்கு மேல் செத்தார்கள். மறுவருஷம் டாக்கா அருகே ராணா பிளாசாவில் சுவர் விரிசல் விட்டது. கீழ்த்தளங்களில் இருந்த வங்கி அன்றே ஆட்களை வீட்டுக்கு அனுப்பியது. மேலே இருந்த ஆடை ஆலைகள் மறுநாள், 2013 ஏப்ரல் 24, ஆட்களை உள்ளே வரச்சொன்னன. ஷிப்மென்ட். 1,134 பேர் போனார்கள். ஒரே கட்டடம், ஒரே விரிசல். வங்கி மேனேஜருக்குத் தெரிந்த விரிசல் புரொடக்சன் மேனேஜருக்குத் தெரியவில்லை, அவர் கண் போர்டில் இருந்தது.

நாம் அவ்வளவு தூரம் போகவேண்டாம். திண்டுக்கல் பக்கத்து ஏற்றுமதி ஆலையில் வேலை பார்த்த தலித் இளம்பெண் ஒருத்தி 2021 ஜனவரியில் கொலையானாள். கைதானவன் அவளுடைய சூப்பர்வைசர். பெண்களே நடத்துகிற தொழிற்சங்கம் போராடிய பிறகு 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் வந்தது. ஆலை மட்டுமில்லாமல் வெளிநாட்டு பிராண்டும் கையெழுத்துப் போட்ட, மீறமுடியாதபடி கட்டுப்படுத்துகிற ஒப்பந்தம். தளத்தில் தொழிலாளிகளே கண்காணிப்பாளர்கள் ஆனார்கள். ஒரு பெண் ஒன்றுக்குப் போக எதிர்ப்பில்லாமல் எழுந்திருக்க, ஒரு உயிரும் சர்வதேச ஒப்பந்தமும் தேவைப்பட்டிருக்கிறது. மற்ற மாவட்டங்கள் தத்தம் பிணத்துக்குக் காத்திருக்கவேண்டும் போலிருக்கிறது.

அரசாங்கம் சும்மா இருந்ததா? இருக்காது. 2023 ஏப்ரல் 21-ல் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதாவைச் சட்டமன்றத்தில் நிறைவேற்றினார்கள். கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்பு செய்தபிறகு, மே தினத்தன்று திரும்பப் பெற்றதாக அறிவித்தார்கள். திருடின பர்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உழைப்பாளர் தின வாழ்த்தும் சொன்ன பெருந்தன்மை.

இப்போது நம் மாவட்டத்துக்கே யோகம் வந்திருக்கிறது. இ.குமாரலிங்கபுரத்தில் 1,052 ஏக்கரில் பிரதமர் மித்ரா ஜவுளிப் பூங்கா. மகாராஜபுரத்து வேன் இனி இன்னும் கொஞ்ச தூரம் ஓடும், விடியலுக்கு இன்னும் கொஞ்சம் முன்னாலேயே ஹாரன் அடிக்கும். சாலை அளந்தாயிற்று, மின்சாரம் அளந்தாயிற்று, சாயக்கழிவு இத்தனை லிட்டர் என்றுகூட அளப்பார்கள். பூங்காவுக்கு வரப்போகும் மேனேஜர்மார்களே, உங்களிடம் சம்பள உயர்வுகூடக் கேட்கவில்லை. உங்கள் பாடப்புத்தகத்தில் ஏற்கெனவே அச்சடித்திருக்கிற அந்த 7 சதவீதத்தைக் கொடுங்கள், டோக்கனைக் குப்பையில் போடுங்கள். அப்புறம் அந்தக் 'காரணம்' கட்டத்தில், 3,600 நிமிடம் எந்த மேஜையில் தொலைந்தது என்று மேஜைக்காரன் பெயரோடு எழுதுங்கள். சிவப்பு மார்க்கர் உங்கள் சட்டைப்பையில்தான் இருக்கிறது.