மருமவனே, கொஞ்சம் திரும்பிப் பாரு

ஏ மருமவனே, நீ அனுப்புன போட்டோவெல்லாம் வந்து சேந்துச்சு. ஒங்கத்த கண்ணாடியப் போட்டுக்கிட்டு ஒவ்வொண்ணாப் பாத்துட்டு, "நம்ம பயலுக்குத் தீயணைப்பு ஆபீசுல வேல கெடச்சிட்டா?"ன்னு கேட்டா. நான் வாயத் தொறக்கல. நெஞ்சு வரைக்கும் ஏறுன ரப்பர் கால்சட்ட, பை எண்ண முடியாத சட்ட, கழுத்துல தொங்குத இடுக்கி, இடுப்புல தொங்குத தராசு. தராசு எதுக்குடே? மொதல்ல நிறுக்க ஒண்ணு வரட்டும். ஆகஸ்டு மாசம் சஸ்குஹானா ஆத்துத் தண்ணி வெதுவெதுன்னு கெடக்கும். இங்கன உள்ளவன் அரைக்கால் சட்டையும் பழைய பூட்சுமா எறங்கி நிப்பான். நீ மட்டும் ரப்பருக்குள்ள வேத்து, ஆத்துல கால் வைக்காமலே நனைஞ்சிருப்ப.

அது கெடக்கட்டும். மக வீட்டுக்கு வந்து போற கோடையெல்லாம் நான் இந்த ஆத்தங்கரையிலதான் கெடக்கேன். தாமிரபரணியில கெண்டையும் கெளுத்தியும் பிடிச்ச கைக்கு வீட்டுக்குள்ள என்ன வேல? அந்த உரிமையில ஒண்ணு சொல்லுதேன், கேட்டுக்கோ. கேக்காட்டாலும் சொல்லுவேன்.

ஹாரிஸ்பர்க் பக்கத்துல ஆறு ஏறக்குறைய ஒரு மைல் அகலம். அகலந்தான் உண்டு, ஆழம் கெடையாது. கோடையில பல எடத்துல முழங்காலுக்கு மேல நனையாது. அதப் பாத்ததும் ஒனக்கு வீரம் வந்துட்டு. கரையில இருந்து சளப்பு சளப்புன்னு நடந்து நடு ஆத்துக்குப் போயி, அங்கன நின்னு அக்கரையப் பாத்து வீசுத. அக்கரைக்காரன் என்ன செய்தான்? அவனும் நடு ஆத்துக்கு வந்து இக்கரையப் பாத்து வீசுதான். தோணியில வாரவன் ரெண்டு கரையையும் பாத்து வீசுதான். நீ தேடுத ஸ்மால்மௌத் பாஸ் மீனு எங்கடே கெடந்துச்சு? நீ மிதிச்சுக் கலக்கிட்டுப் போனியே, அந்த ரெண்டடித் தண்ணியில. விடியக்காலையில அது கரையோரத்துலதான் மேயும். நிக்கப் போற எடத்துல மொதல்ல தூண்டிலப் போடு. அங்கன ஒண்ணும் இல்லேன்னு தெரிஞ்ச பொறவு கால வையி. இத ஒரு கடையிலயும் விக்க மாட்டான். வித்தா நீ வாங்கியிருப்ப.

இந்த மீனு ஓட்டத்துக்குள்ள நிக்காது, ஓட்டத்துக்கு ஓரத்துல நிக்கும். பாறைக்குப் பின்னால, கல்லு அடுக்குக்குக் கீழ, வேகத்தண்ணியும் சும்மா கெடக்க தண்ணியும் உரசுத கோட்டுல. நம்மூரு டீக்கடை பெஞ்சுல உக்காந்திருக்கவன் மாதிரின்னு வச்சுக்கோ: ரோட்டுல எறங்க மாட்டான், ரோட்டுல போற ஒண்ணையும் விடவும் மாட்டான். தண்ணி வத்துனா ஆத்துக்குள்ள கீழ்நோக்கிக் கூம்புத கல்லு வரிச அங்கங்க தெரியும், பாத்திருக்கியா? விலாங்கு பிடிக்கதுக்காக அந்தக் காலத்துப் பூர்வகுடிச் சனமும் பொறவு வந்த வெள்ளக்காரனும் அடுக்கி வச்சது. கீழ கானோவிங்கோ அணை 1928ல வந்துச்சு. கடல்ல இருந்து விலாங்கு ஏறி வார பாதை அடைஞ்சு போச்சு. விலாங்கு கொறைஞ்சு போச்சு, கல்லு இருக்கு, கல்லுக்குப் பின்னால பாஸ் வாடகை இல்லாம குடியிருக்கு. நீ அந்தக் கல்லு மேல ஏறி நின்னு போட்டோ எடுத்து அனுப்பியிருக்க.

இன்னொரு கூத்து உண்டு. நீ நடக்கும்போது கூழாங்கல்லு பொரளும், கலங்கல் எழும்பும், கல்லுக்கடியில கெடந்த கிரேஃபிஷ் பதறி வெளிய வரும். அத எவன் தின்னுதான்? ஒன் கெண்டைக்காலுக்குப் பின்னால பந்தியில உக்காந்திருக்க பாஸ். நீ முன்னால பாத்து வீசுத, அது பின்னால நின்னு ஓசிச் சாப்பாடு சாப்பிடுது. கொஞ்சம் திரும்பிப் பாத்து, ஒன் கலங்கல் போற பக்கம் ஒரு தடவ போட்டுப் பாரேன்.

அந்தக் கிரேஃபிஷையும் ஒரு நாளு ஒக்காந்து பாரு. கரையோரத்துல உள்ளங்கை அகலக் கல்ல ஒண்ண மெல்லத் தூக்கு. கொடுக்கு வச்ச இறாலு அது. மொறைக்கும், கொடுக்க விரிக்கும், ஆனா ஓடுதது பின்னால பாத்து. வால மடக்கி ஒரு வெட்டு வெட்டும். அரையடி தள்ளி, கலங்கலுக்குள்ள போயி அசையாம படுத்துக்கிடும். வெட்டு, படுக்க, வெட்டு, படுக்க. நீ ரப்பர் இரைய எப்பிடி இழுக்க? படபடன்னு இயந்திரத்தச் சுத்துத. அந்த வேகத்துல ஓடுன கிரேஃபிஷ இந்த ஆத்து மீனு எதுவும் கண்டதில்ல. அடியில விடு, ஒரு தட்டுத் தட்டு, சும்மா இரு. சும்மா இருக்க நேரத்துலதான் நரம்பு ஒரு பக்கமா நகரும். அந்த நேரத்துல போனப் பாக்காத.

இரைப் பெட்டியில எரநூறு ரகம் வச்சிருப்பியே, அதுல கிளவுசர் மின்னோ இருக்கா? கீழ மிடில்டவுன்ல தூண்டில் கடை வச்சிருந்த பாப் கிளவுசர் இந்த ஆத்து மீனுக்காகவே 1980கள்ல கட்டுன தூண்டில் ஈ அது. மான் வாலு முடி கொஞ்சம், ஈயத்துல ரெண்டு கண்ணு, அவ்வளவுதான். கண்ணு கனத்துல தலை கீழ போவும், முள்ளு மேல பாத்து நிக்கும், கல்லுல மாட்டாது. அதுக்கு அவரு பேரையே வச்சுவிட்டவரு லெஃப்டி கிரே, தூண்டில் எறியுததுல பெரிய வாத்தியாரு. இன்னைக்குக் கடல் மீனு பிடிக்கவன் கூட அதத்தான் கட்டுதான். நீ ஆன்லைன்ல சீமையில இருந்து வரவழைச்ச வெள்ளிமீனு பொம்மையப் பாத்தேன். கண்ணு சிமிட்டுமாமே. மீனு அதப் பாத்துச் சிரிச்சிருக்கும்.

இப்ப நடைக்கு வாரேன். ஓட்டத்துக்கு நெஞ்சக் காட்டி நிக்காத, பக்கவாட்டுல நில்லு. காலத் தூக்கி வைக்காத, தரையத் தடவித் தேச்சு நகத்து. முன்கால் ஊணுன பொறவுதான் பின்கால் அசையணும். ஒரு கால மறுகாலுக்குக் குறுக்க போடாத. சினிமாவுல நல்லாயிருக்கும், பாசிக்கல்லுல நல்லாயிருக்காது. கையில ஒரு கம்பு. என் கம்பப் பாத்து "கெழவன்"னு நீ சொன்னது ஒங்கத்த மூலமா வந்து சேந்துட்டு. பரவாயில்ல, நான் காஞ்ச வேட்டியோட வீட்டுக்கு வந்தேன். பூட்சுக்கு அடியில கம்பளி ஒட்டுனா வழுக்காதும்பான். ஆனா ஈரக் கம்பளியில ஒட்டிக்கிட்டுப் பாசியும் பூச்சியும் ஆத்துக்கு ஆறு போவுதுன்னு மேரிலாண்டுல 2011லயே தடை போட்டுட்டாவ. இதே ஆறு அங்கனதான் கடைசியா போயி விழுது. ரப்பர் அடியும் ஆணியும் உள்ளத வாங்கிக்கோ. ஆமா, வாங்கச் சொல்லுதேன். சந்தோசமா?

தடுக்கி விழுந்துட்டியா, வேகத்தண்ணியில எந்திச்சு நிக்கப் பாக்காத. கல்லு இடுக்குல கால் மாட்டுச்சுன்னா, தண்ணி முதுகுல தள்ளும், முழங்கால் ஆழத்துலயே ஆளு போயிருவான். மல்லாக்கப் படு, கால் கீழ்த்திசையில முன்னால போவட்டும், கட்டை விரல் தண்ணிக்கு மேல தெரியணும். தண்ணி மெதுவாகுத எடத்துல எந்திச்சுக்கோ. இதுல நான் கேலி பண்ணல.

மீனு வந்துட்டுன்னே வச்சுக்கோ. வெங்கல நெறம், செவப்புக் கண்ணு, ஒடம்புல கோடு கோடா. ஒண்ணரைக் கிலோ இருந்தாலும் ஒன்னைய ஆத்துக்குள்ள இழுக்கப் பாக்கும், ரெண்டு தடவையாவது தண்ணிக்கு மேல குதிக்கும். "எங்க ஊரு மீனு"ன்னு பக்கத்துல நிக்கவன் மீசைய முறுக்குவான். முறுக்கட்டும். இது மேற்க ஓஹையோ, பேரேரிப் பக்கத்து மீனு. 1854ல ஷ்ரைவர்னு ஒருத்தரு பால்டிமோர் ஓஹையோ ரயில் இன்ஜினுக்குத் தண்ணி கொண்டு போற தொட்டியில இதப் போட்டு மலை தாண்டிக் கொண்டு வந்து பொட்டோமாக் ஆத்துல விட்டாரு. சஸ்குஹானாவுக்கும் மனுசன் கொண்டு வந்து விட்டதுதான். நீ விசாவுல வந்த, அது இன்ஜின் தொட்டியில வந்துச்சு. ரெண்டு பேரும் இப்ப ஊர்க்காரன் ஆயாச்சு.

இனி ஒங்கத்தைக்குப் பிடிக்காத சமாச்சாரம். பிடிச்சா விட்டுரணும். 2005ல இருந்து இந்த ஆத்துல குஞ்சு மீனுக சீக்கு வந்து செத்துச்சு, கூட்டம் கொறைஞ்சு போச்சு. 2011ல இந்தப் பக்கத்து சஸ்குஹானாவுலயும் ஜூனியாட்டா ஆத்தோட கீழ்ப்பகுதியிலயும் பாஸைப் பிடிச்ச எடத்துலயே விடணும்னு சட்டம் போட்டாவ. இப்பதான் தேறி வருது. ஒரு அடி வளர ஏறக்குறைய நாலு வருசம் எடுக்கும். நாலு வருசத்த ஒரு வேளக் கொழம்புல முடிச்சுராத. ஒங்கத்த இன்னைக்கும் புளியக் கரைச்சு வச்சுக்கிட்டுத்தான் இருக்கா. லைசென்சுக்குத் துட்டு, இரைக்குத் துட்டு, பெட்ரோலுக்குத் துட்டு, கடைசியில வெறுங்கைன்னா எந்தப் பொம்பளைக்கு நியாயமாப் படும்? அவளுக்கு நான் பதில் சொல்லிக்கிடுதேன்.

வசந்தத்துல இன்னும் கவனம். ஆண் மீனு வாலால கூழாங்கல்லச் சுத்தம் பண்ணி வட்டமா கூடு போடும். பொட்ட முட்டைய விட்டுட்டுப் போயிரும். காவல் அப்பன்தான், குஞ்சு பொரிச்ச பொறவும் அப்பன்தான். அந்த நேரம் பக்கத்துல எது வந்தாலும் கடிக்கும், பசியில இல்ல, கோவத்துல. ஒன் தூண்டிலையும் கடிக்கும். "நான் வீசுன மொத வீச்சுலயே"ன்னு நீ பீத்திக்கிட்டு, அதத் தூக்கிப் பிடிச்சு இடது பக்கம் ஒண்ணு, வலது பக்கம் ஒண்ணு போட்டோ எடுத்து முடிக்கதுக்குள்ள, சின்ன மீனுக கூட்டுல பூந்து முட்டைய வழிச்சுத் தின்னுட்டுப் போயிருக்கும். மே ஒண்ணாம் தேதியில இருந்து ஜூன் பாதி வரைக்கும் இந்தப் பக்கம் பாஸைத் தேடியே போவக்கூடாதுன்னு ஒரு காலத்துல சட்டம் வச்சிருந்தது அதுக்குத்தான். லைசென்ஸ் எடுக்கும்போதே அந்த வருசத்துச் சட்டப் புத்தகத்தப் படிச்சுக்கோ.

போட்டோவுல கைய நீட்டி மீனக் கேமரா மூக்குல கொண்டு வாரியே, அதுவும் எனக்குத் தெரியும்டே. 1955ல டேல் ஹாலோ ஏரியில டேவிட் ஹேய்ஸ் பிடிச்ச 11 பவுண்டு 15 அவுன்சுதான் இந்த மீனுல உலக சாதனை. மீனு வயித்துல இரும்பத் திணிச்சது நாந்தான்னு படகுத்துறை ஆளு ஒருத்தன் எழுதிக் கொடுத்திருந்த காயிதம் வெளிய வந்து, 1996ல சாதனையப் பிடுங்கிட்டாவ. பொறவு நல்லா விசாரிச்சு, கிட்டத்தட்ட பத்து வருசம் கழிச்சுத் திருப்பிக் கொடுத்தாவ. இவ்வளவு பெரிய மீனப் பிடிச்ச மனுசனுக்கே அந்தக் கதி. நீ கைய மடக்கியே வச்சுக்கோ.

அடுத்து கனூ வாங்கப் போறேன்னு சொல்லுத. ஒம் பொஞ்சாதிகிட்டக் கேட்டியா? ரெண்டு பேரு கனூவுல பின்னால உக்காந்திருக்கவன் துடுப்புப் போடணும், முன்னால இருக்கவன் மீனு பிடிப்பான். நீ முன்னால உக்காந்துக்கிட்டு "வலது, வலது, ஏன் வலதுல போகல"ன்னு கத்துவ. டங்கன்னன்ல ஏறுன தம்பதி ரெண்டு வார்த்த பேசாம ஃபோர்ட் ஹண்டர்ல எறங்கிப் போறத நான் கண்ணால பாத்திருக்கேன். நடுவழியில பழைய ரயில் தூணு மேல சுதந்திர தேவி சிலை ஒண்ணு நிக்கும். 1986ல எவனோ ராத்திரியோட ராத்திரியா ஜன்னல் மறைப்புத் தட்டியில செஞ்சு வச்சான், காத்துல போனதும் கெட்டியா வேற செஞ்சு வச்சாவ. அதையும் வாயப் பொளந்துக்கிட்டுப் பாக்காத, அங்கன தண்ணி துள்ளும். கனூ பக்கவாட்டுல பாறையில போயி மோதுச்சுன்னா ஒன் ஒடம்பு பாறைய விட்டு விலகப் பாக்கும். விலகுனா மேல்தண்ணிப் பக்கத்து விளிம்பு தாழும், ஆறு உள்ள ஏறி உக்காந்துக்கிடும். பாறையப் பாத்துச் சாயி. பாறையக் கட்டிப்பிடிச்சுக்கோ, கூச்சப்படாத.

48 வளைவுள்ள கல்லுப் பாலத்தத் தாண்டி, ஹாரிஸ்பர்க் ஊருக்குள்ள, டாக் ஸ்ட்ரீட் அணைப் பக்கம் மட்டும் போவாத. மேல இருந்து பாத்தா அணையே தெரியாது, ஆறு சமமாப் போற மாதிரிதான் இருக்கும். விழுந்த எடத்துல தண்ணி திரும்பத் திரும்ப உள்ளயே உருட்டும், நீச்சல் தெரிஞ்சவனையும் விடாது. ஆளப் பலி வாங்குன எடம். மிதவையும் பலகையும் வச்சிருக்காவ, படிக்கத்தான் வச்சிருக்காவ. நவம்பர் ஒண்ணுல இருந்து ஏப்ரல் கடைசி வரைக்கும் கனூவுல மிதவைச் சட்ட மாட்டியிருக்கணும்னு சட்டம்; மத்த மாசத்துல ஒங்கத்த சட்டம்.

கடைசியா சாவி. கனூ கீழ போவும், தானா மேல வராது. ஏறுத எடத்துல ஒரு காரு, எறங்குத எடத்துல ஒரு காரு நிக்கணும். கீழ நிக்க காரோட சாவிய, நனையக்கூடாதுன்னு, மேல நிக்க காருக்குள்ள பத்திரமா வச்சுப் பூட்டிட்டு வருவ. நீ செய்வ, எனக்கு நிச்சயமாத் தெரியும். அப்ப எனக்குப் போன் போடு. மக வீட்டுக் காரத் தொடக்கூடாதுன்னு அவ வீட்டுக்காரரு சொல்லியிருக்காரு, அதனால நடந்துதான் வரணும். ஒங்கத்த கட்டிக் கொடுக்கப் புளியோதரை ஒங்கிட்ட முழுசா வந்து சேரும்னு மட்டும் எதிர்பாக்காத.