கமெம்பேரிலிருந்து மச்சானுக்கு

அன்பு மச்சானுக்கு,

வெலிமடையில் உருளைக்கிழங்கு விலை ஏறியதா, இறங்கியதா? மறக்காமல் எழுது. இங்கே கிழங்கைப் பற்றிப் பேசினால் ஒருத்தரும் காது கொடுப்பதில்லை. பேச்செல்லாம் சீஸ்தான்.

நான் வேலை செய்யும் ஊர் கமெம்பேர், நோர்மண்டிப் பக்கம். குடியிருப்பவர்கள் இருநூறு பேர் அளவில். நம்ம தேயிலைத் தோட்டத்து மேக்கணக்கு லயங்களில் பொங்கலன்று தலை எண்ணினால் இதைவிடக் கூட வரும். ஆனால் வட்டமான ஒரு சீஸால் உலகம் முழுக்கப் பேர்.

அதைச் செய்யும் விதத்தைக் கேள். பாலைக் காய்ச்சுவதில்லை. உறைந்ததும் அகப்பையால் மொண்டு அச்சில் விடுவோம். ஓர் அச்சுக்கு ஐந்து அகப்பை. ஒவ்வொன்றுக்கும் நடுவே 40 நிமிடமாவது வடியவிட வேண்டும். விதி அப்படி. 250 கிராம் சீஸுக்கு இரண்டு லீட்டருக்கு மேல் பால் போகிறது. நம்ம தோட்டத்தில் இப்படி நின்று நின்று வேலை செய்தால் அரைப்பேர்தான், அரைநாள் சம்பளம்தான் போடுவார்கள்.

பக்கத்து வீட்டுக் கிழவர், நான் கருவாடு பொரித்தால் ஜன்னலைச் சாத்திவிடுவார். சாத்திய ஜன்னலுக்குள்ளே முற்றிய சீஸோடு உட்கார்ந்திருப்பார்! அந்த வாசத்துக்கு நம்ம கருவாடு கையெடுத்துக் கும்பிடணும்.

ஊர்க் கதை இது: புரட்சிக் காலத்தில் அரசுக்குச் சத்தியம் செய்ய மறுத்த பாதிரியார் ஒருவர் இங்கே ஒளிந்திருந்தாராம். 1791இல் மரி அரெல் என்ற பெண்ணுக்கு அவர்தான் பக்குவம் சொல்லிக்கொடுத்தாராம். நம்ம திவுரும்பொலையில் சீதை சத்தியம் செய்தாளாம். இங்கே ஒருத்தர் சத்தியத்துக்குப் பயந்து ஓடிவந்திருக்கிறார். ஆனால் 1708இல் வந்த புத்தகத்திலேயே கமெம்பேர் சீஸைப் புகழ்ந்திருக்கிறது! இதைச் சொன்னால் ஊரார் தோளைக் குலுக்குகிறார்கள். அதுவும் சரிதான், திவுரும்பொலையில் போய் யார் தேதி கேட்கிறார்கள்?

இன்னும் கேள். 1926இல் அமெரிக்காவிலிருந்து ஜோசப் நிரிம் என்றொருவர் வந்து, இந்த சீஸ்தான் தன் வயிற்று நோயைத் தீர்த்தது என்று சொல்லி, மரி அரெலுக்கு நினைவுச்சின்னம் வைக்கப் பணமும் கொடுத்தார். பக்கத்து ஊர் விமுத்தியேயில் 1928இல் சிலை எழும்பியது. 1944 ஜூன் 14இல் அமெரிக்க விமானங்கள் குண்டு போட்டதில் மரி அம்மாவின் சிலைக்குத் தலை போய்விட்டது. பிறகு புதுச் சிலைக்குக் காசு கொடுத்தது யார் தெரியுமா? ஒஹையோ மாநிலத்து சீஸ் தொழிற்சாலைக்காரர்கள். அவர்களும் அமெரிக்கர்தானே!

நம்ம தோட்டத்துக்கு முதல் வந்து கொழுந்து பறித்த கிழவிகளின் பேரைப் பெரியப்பாவிடம் கேட்டு ஒரு கொப்பியில் எழுதி வை, மச்சான். அவர் ஞாபகம் நல்லாயிருக்கும்போதே கேள். ஊவாத் தேயிலை குடித்து வயிற்றுவலி தீர்ந்த அமெரிக்கன் எவனாவது வந்து நின்றால், யாருக்குச் சிலை என்று நாம் முழிக்கக் கூடாது.

அன்புடன்,
உன் மச்சான்