மைக் டெஸ்டிங்: ஒன், டூ, த்ரீ

புதுக்கோட்டை 2024 ஆகஸ்டில் மாநகராட்சி ஆனது. மாநகரத்துக்கு உரிய மற்ற வசதிகள் இனிமேல்தான் வர வேண்டும். இரைச்சல் மட்டும் அரசாணைக்குக் காத்திராமல் எப்போதோ வந்து குடியேறிவிட்டது. கீழ ராஜ வீதியில் நின்றுகொண்டு பக்கத்தில் இருப்பவரிடம் மணி கேட்டால், அவர் பஸ் ஸ்டாண்டுக்கு வழி சொல்கிறார். இதை இங்கே யாரும் குறையாக நினைப்பதில்லை. சத்தம் இருந்தால்தான் ஊர். சத்தம் போட முடிந்தவர்தான் ஊரில் ஆள்.

எனக்குக் காதிரைச்சல். வலது காதுக்குள் இரவும் பகலும் ‘ங்கொய்’ என்று ஒரே சுருதி. டின்னிடஸ் என்று டாக்டர் சீட்டில் எழுதுகிறார்கள். துணைக்கு ஒலிக்கூச்சமும் சேர்ந்துகொண்டது. எவர்சில்வர் தட்டு தரையில் விழுந்தால் வீட்டில் மற்றவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்குத் தாடை வரை வலிக்கும். இது ஏதோ ஆயிரத்தில் ஒருவருக்கு வரும் அதிசய நோய் இல்லை. உலகில் பெரியவர்களில் சுமார் 14 சதவீதம் பேருக்கு, அதாவது 74 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு, காதிரைச்சல் இருப்பதாக 2022இல் ‘ஜாமா நியூராலஜி’ இதழில் வந்த ஆய்வு சொல்கிறது. கட்சியே ஆரம்பிக்கலாம். ஆனால் கட்சி என்றால் கூட்டம் போட வேண்டும், கூட்டம் என்றால் மைக் செட் கட்ட வேண்டும். அதனால்தான் எங்களுக்கு இன்றுவரை கட்சியும் இல்லை, தலைவரும் இல்லை.

என் காதுக்குள் கேட்கும் சத்தத்தை அளக்க உலகத்தில் எந்தக் கருவியும் கிடையாது. நான் சொல்வதை டாக்டர் நம்ப வேண்டும், அவ்வளவுதான். வெளியே நீங்கள் வைக்கும் சத்தத்தை அளக்கக் கருவி இருக்கிறது, கையடக்கமாக, பையில் போட்டுக்கொண்டு போகும் அளவில். அளக்கத்தான் ஆள் இல்லை. அளக்க முடியாததைச் சொல்கிறவன் பைத்தியக்காரன், அளக்கக்கூடியதை அளக்காமல் விடுகிறவர் அதிகாரி. மாவட்ட நிர்வாகத்தின் ஒலிக்கொள்கை முழுவதும் இந்த ஒரு வரியில் அடக்கம்.

காது எப்படிக் கெடுகிறது என்பதில் ரகசியம் ஒன்றுமில்லை. உட்காதில் நத்தைச் சுருளுக்குள் ஏறக்குறைய பதினைந்தாயிரம் மயிர்ச்செல்கள் இருக்கின்றன. பிறக்கும்போது கொடுத்ததுதான் இருப்பு, போனது முளைக்காது. 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் வரை காது தாங்கும் என்பது தொழிற்சாலைப் பாதுகாப்புக் கணக்கு. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 88க்கு நான்கு மணி, 91க்கு இரண்டு மணி. 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். அதற்குப் பிறகு கேட்கும் ஒவ்வொரு குத்துப்பாட்டும் முதலிலிருந்து எடுக்கும் செலவு.

இந்தக் கணக்கோடு நம்ம பக்கத்துக் காதணி விழா ஒன்றுக்குப் போய் வாருங்கள். மண்டப வாசலில் தாய்மாமன் படம் போட்ட ஃபிளெக்ஸ், அதில் பிள்ளையின் படம் தபால்தலை அளவு. சீர்வரிசை முன்னே வர, சரவெடி பின்னே வரும். மேடைக்கு இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு அடுக்கிய பாக்ஸ். அவை 100 டெசிபலைத் தொடுவது ஒன்றும் சாதனை இல்லை. மாமன் மடியில் பிள்ளை உட்கார்ந்திருக்கிறது. ஆசாரி ஊசியை எடுப்பதற்கு வெகுநேரம் முன்பே அது வீறிட்டு அழத் தொடங்கிவிட்டது. வாய் திறந்திருப்பது தெரிகிறது, அழுகை கேட்கவில்லை. “பயப்படுறான்யா” என்று சிரிக்கிறார்கள். ஊசி குத்திய இடம் ஒரு வாரத்தில் ஆறிவிடும், நல்லெண்ணெய் தடவினால் போதும். பாக்ஸ் குத்திய இடம் எங்கே என்று தேடி எண்ணெய் தடவ எந்த அப்பத்தாவாலும் முடியாது. காதுக்கு விழா எடுத்து, அந்தக் காதையே பலி கொடுத்து, அதற்கு மொய்யும் எழுதி வாங்கும் ஒரே சமூகம் நாம்தான்.

ஆடி பிறந்தால் கணக்கு வேறு. விடிய நாலரை மணிக்கே தெருமுனைக் கம்பத்தில் கட்டிய கூம்புக் குழாய் கண் விழிக்கும். எல்.ஆர்.ஈஸ்வரி அம்மாவின் குரலை யாரும் குறை சொல்லவில்லை; பேழையில் வைத்துப் பூட்ட வேண்டிய குரலைத் தகர டப்பாவில் போட்டு உலுக்குகிறவர்களைத்தான் சொல்கிறேன். அந்தக் குழாய்க்கும் மைக் செட்டுக்கும் என் வீட்டிலிருந்தும் தலைக்கட்டு வரி போயிருக்கிறது. எதிரி காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியதாகக் கதையில் படித்திருப்பீர்கள். ஈயத்துக்கான விலையையும் காதுக்காரனிடமே வசூலித்ததாக எந்தக் கதையிலும் இல்லை.

போய்க் கேட்டால் ரேடியோ செட்டுத் தம்பி பணிவாகத்தான் பேசுவான்.

“கம்மியாத்தாண்ணே வச்சிருக்கு. இன்னும் ரெண்டு பாயிண்டு இருக்கு, ஏத்தவே இல்ல.”

“தம்பி, எனக்குக் காதுல ஒரு பிரச்சினைப்பா.”

“அப்படியாண்ணே? கேக்கலையா? ஏத்தவா?”

அவன் மேல் கோபப்பட முடியவில்லை. நாள் முழுக்க அந்தப் பாக்ஸ் அருகிலேயே நிற்பவன் அவன்; எங்கள் கட்சியின் அடுத்த உறுப்பினர். கோபம் அவனுக்குப் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் விழாக் கமிட்டி மேல்தான். “அம்மனுக்கு வைக்கிறது. உங்களுக்கு மட்டும் ஏன் குத்துது?” என்று அவர்கள் கேட்பார்கள். சத்தத்தைக் குறை என்றால் சாமியைக் குறை சொன்னதாகிவிடும். பள்ளிவாசல், மாதா கோயில், கட்சிக் கூட்டம், கல்யாண மண்டபம், கருமாதி வீடு என எங்கே போனாலும் இதே பதில்தான், பெயர்தான் மாறும். நாட்டில் மதநல்லிணக்கம் குறைந்துவிட்டதாகக் கவலைப்படுகிறவர்கள் ஆம்ப்ளிஃபையர் பக்கம் வந்து பார்க்கலாம். அங்கே சாதி இல்லை, சமயம் இல்லை, ஆளுங்கட்சி எதிர்க்கட்சி பேதமில்லை. எல்லோரும் ஒரே குமிழை ஒரே பக்கம்தான் திருப்புகிறார்கள்.

சட்டம் இல்லையா என்றால், காது குளிர இருக்கிறது. ஒலி மாசு விதிகள் 2000ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டன. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. மருத்துவமனை, பள்ளிக்கூடம், நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டரை அமைதி மண்டலமாக அறிவிக்கலாம். அங்கே பகலில் 50, இரவில் 40. இரவு பத்து முதல் காலை ஆறு வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கியே கூடாது. திருவிழாவுக்காக மாநில அரசு விலக்குக் கொடுக்கலாம். அதுவும் நள்ளிரவு பன்னிரண்டு வரைதான், ஆண்டுக்குப் பதினைந்து நாளுக்கு மேல் போகக் கூடாது. அடுத்தவர் அமைதியைக் கெடுத்து வழிபடும்படி எந்த மதமும் சொல்லவில்லை என்று உச்ச நீதிமன்றம் 2000இல் தீர்ப்பளித்தது. அது சென்னையிலிருந்து போன வழக்கு. 2005இல் இன்னும் விரிவான தீர்ப்பு வந்தது. தேவையில்லாமல் ஹாரன் அடித்தால் முதல் முறை ஆயிரம், அடுத்த முறை இரண்டாயிரம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் சேர்த்தார்கள். திருச்சி சாலையில் ஏர் ஹாரன் அலற முந்துகிற ஒவ்வொரு பஸ்ஸுக்கும் இதை ஒழுங்காக வசூலித்திருந்தால், மாநகராட்சிக்கு வேறு வரியே தேவைப்பட்டிருக்காது.

அனுமதி தரவும் மறுக்கவும் நடவடிக்கை எடுக்கவும் அதிகாரம் பெற்றவர்கள் யாரென்றும் விதியில் இருக்கிறது: மாவட்ட ஆட்சியர், அல்லது டி.எஸ்.பி. பதவிக்குக் குறையாத அதிகாரி. விதித்த அளவை விட 10 டெசிபல் கூடினால் எந்தக் குடிமகனும் புகார் செய்யலாம். இந்த இடத்தில்தான் விதியை எழுதியவரின் நகைச்சுவை உணர்வுக்கு மாலை போட வேண்டும். 10 டெசிபல் கூடியது என்று நான் எப்படிச் சொல்வது? மீட்டர் என்னிடம் இல்லை. இருந்தாலும் அது செல்லாது, அரசு மீட்டர் வேண்டும். அரசு மீட்டர் எங்கே? மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாடு முழுவதற்கும் ஏழு பெருநகரங்களில் எழுபது நிலையங்கள் வைத்து இரைச்சலை நாள் முழுக்கக் கண்காணிக்கிறது. தமிழ்நாட்டில் அந்தப் பேறு சென்னைக்கு மட்டும். புதுக்கோட்டைக்காரனுக்கு அளவே கிடையாது. அளவில்லாத இடத்தில் மீறல் ஏது?

புகார் சொல்லப் போகிறவருக்குத் தமிழ்நாடு முழுக்கக் கிடைக்கும் கேள்விகள் மூன்று. “எந்தக் கோயில்?” “நீங்க எந்த ஆளுக?” “வருசத்துல ஒரு நாள்தானே, பொறுத்துக்கக் கூடாதா?” ஒரு நாள்தான். ஆடியில் ஒரு நாள் இந்தத் தெரு, மறுநாள் அடுத்த தெரு. மாசியில் திருவப்பூர், பங்குனியில் நார்த்தாமலை, தையில் ஊருக்கு ஊர் வாடிவாசல். நடுவில் மொய் விருந்து, தலைவர் பிறந்தநாள், தலைவரின் மகன் பிறந்தநாள். வருஷத்தில் ஒரு நாள் என்பது முந்நூற்று அறுபத்தைந்து பேர் ஆளுக்கு ஒரு நாளாகப் பங்கு போட்டுக்கொண்டது.

“இதெல்லாம் நம்ம பாரம்பரியம்” என்பார்கள். பாரம்பரியத்தைப் பற்றிப் புதுக்கோட்டைக்காரனிடம் பேசும்போது கொஞ்சம் பார்த்துப் பேச வேண்டும். குடுமியான்மலையில் ஆயிரத்து முந்நூறு ஆண்டுக்குக் குறையாத இசைக் கல்வெட்டு இருக்கிறது. சுரங்களைப் பிரித்து, வரிசை வைத்து, மாணவர்கள் கற்றுக்கொள்வதற்கென்று பாறையில் வெட்டியிருக்கிறார்கள். ஒலியை இப்படி எண்ணி எண்ணிக் கல்லில் வைத்த மண் இது. ஒரு சாண் அகலத் தோலைக் கட்டிக் கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்கு ஏற்றிய மாமுண்டியா பிள்ளையும், அவர் சீடர் தட்சிணாமூர்த்தி பிள்ளையும் இந்த ஊர்க்காரர்கள். அவர்கள் கை பேசியபோது சபை மூச்சடக்கிக் கேட்டது. கூம்புக் குழாய் சுமார் நூறு வருஷத்துக்கு முன்னால் அமெரிக்காவில் உருவான சாமான். அதற்கு முந்தைய நூற்றாண்டுகளில் நார்த்தாமலை முத்துமாரி யார் குரலும் கேட்காமலா இருந்தாள்? அம்மனுக்குக் காது மந்தம் என்று எந்தத் தலபுராணம் சொல்கிறது?

காதிரைச்சலுக்கு மாத்திரை இல்லை. அதோடு வாழப் பழகலாம், அதற்கு வழிகள் உண்டு. கேட்கும் திறனைப் பரிசோதித்துக் குறை இருந்தால் காதுக் கருவி; படுக்கும்போது ஃபேன் மாதிரி ஒரு மெல்லிய ஓசை; பதற்றத்தைக் கையாளும் மனநலப் பயிற்சி. திடீரென ஒரு காது கேட்காமல் போனாலோ, நாடித் துடிப்போடு சேர்ந்து இரைந்தாலோ நாள் கடத்தாமல் காது மருத்துவரிடம் போய்விட வேண்டும். இன்னொன்றும் சொல்கிறார்கள்: எந்நேரமும் பஞ்சை அடைத்துக்கொண்டு இருக்காதே, மூளை இன்னும் கூர்மையாகத் தேட ஆரம்பித்து ஒலிக்கூச்சம் கூடும். ஆக, காதைத் திறந்து வைத்தால் கமிட்டி கெடுக்கும், மூடி வைத்தால் மூளை கெடுக்கும். நன்றாகத் தூங்கு, மனதை அமைதியாக வைத்துக்கொள் என்று சீட்டின் கடைசி வரி. நாலரை மணிக் குழாயிடம் அந்தச் சீட்டைக் காட்டிப் பார்க்கலாம்.

நமக்கு அண்டை மாவட்டமான சிவகங்கையில், பொன்னமராவதியிலிருந்து எட்டிவிடும் தூரத்தில் கொள்ளுக்குடிப்பட்டி இருக்கிறது. வேட்டங்குடி பறவைகள் சரணாலயம். அங்கே வரும் கொக்கும் நாரையும் மிரண்டுவிடும் என்று அந்த ஊர் மக்கள் பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. எந்த டி.எஸ்.பி.யும் போய்த் தடுக்கவில்லை, எந்த மீட்டரும் அளக்கவில்லை. பிள்ளைகளிடம் ‘வேண்டாம்’ என்றார்கள், பிள்ளைகள் கேட்டுக்கொண்டன. அந்த மக்களைக் கும்பிடலாம். அங்கே தெய்வமும் கோபித்துக்கொள்ளவில்லை, பாரம்பரியமும் இடிந்து விழவில்லை. அப்படியானால் நம்மூரில் கைக்குழந்தைக்கும், படுத்த படுக்கையாய்க் கிடக்கும் கிழவிக்கும், சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு சுவரில் முட்டிக்கொள்ளும் ஆட்டிசப் பிள்ளைக்கும் என்ன குறை? சிறகு இல்லாததுதான்.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. காவல் நிலையத்துக்கு ஒரு டெசிபல் மீட்டர். அனுமதிச் சீட்டில் நேரமும் அளவும் எழுதி அதைக் கம்பத்திலேயே ஒட்ட வேண்டும். மீறினால் விழாவை நிறுத்த வேண்டாம், ஆம்ப்ளிஃபையரை மட்டும் எடுத்துப் போகட்டும். அம்மன் அங்கேயேதான் இருப்பாள். தலைக்கட்டு வரியை முன்பணமாகவே வாங்கிக்கொள்ளுங்கள், குழாயை இறக்குங்கள்.

இதற்கும் காது கொடுக்காதவர்களுக்கு அரசு ஏற்கனவே ஏற்பாடு செய்து வைத்திருக்கிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி இரண்டு காதிலும் 60 டெசிபல் கேட்கும் திறன் போனால் செவித்திறன் குறைந்தவர் பட்டியலில் சேர்ப்பார்கள். 70 போனால் முழுச் செவிடு. எனக்கு அதில் இடமில்லை. என் குற்றம் எல்லாம் கேட்பது. உங்களுக்கு இடம் உண்டு. கமிட்டித் தலைவரே, ஏர் ஹாரன் ஓட்டுநரே, ஃபிளெக்ஸில் சிரிக்கும் தாய்மாமாவே, இதே வேகத்தில் போனால் சான்றிதழ் வீடு தேடி வரும். உங்கள் பெயரைச் சத்தமாகக் கூப்பிடச் சொல்கிறேன். திரும்பிப் பார்க்கிறீர்களா என்று அன்றைக்குப் பார்ப்போம்.