மீசை வெச்சா மிக் ஓட்டலாமா?

வா நைனா, வலை மேல குந்தாதே, இப்பிடித் திண்ணை மேல குந்து. சண்டை பிளேன் ஓட்டப் போறியாமே? உங்கம்மா வந்து சொல்லி, மூக்கைச் சிந்திட்டுப் போனா. நான் ஒண்ணும் தடுக்கல. நம்ம ஏரியாவுலேர்ந்து பாக்ஸருங்க வந்துட்டானுங்க, காசிமேட்டுப் பொண்ணு கேரம்ல உலக சாம்பியன் ஆயிட்டா, ஜெட் பைலட்டு ஒருத்தன் வந்தா எனக்கு இன்னா கசக்கவா போவுது? ஆனா உன் ஒதட்டு மேல கொஞ்ச நாளா வளருது பாரு ஒரு மீசை, அத்தப் பாத்தாத்தான் எனக்கு டவுட்டா கீது.

அது யாரு மீசைன்னு எனக்குத் தெரியும். 2019 பிப்ரவரி 27-ல பைலட் அபிநந்தன் மிக்-21-லேர்ந்து பாராசூட்ல எறங்கி, பாகிஸ்தான்காரன் கையில மாட்டி, மார்ச் 1 ராத்திரி வாகா வழியா நடந்து வந்தாரு. அடுத்த வாரமே ராயபுரம் சலூன்ல எல்லாம் அந்த மீசைதான். அவங்கப்பா வர்தமானும் விமானப்படைல ஏர் மார்ஷலா இருந்தவரு. மணிரத்னம் 'காற்று வெளியிடை'ன்னு 2017-ல படம் எடுத்தாரே, பாகிஸ்தான் ஜெயில்ல மாட்டிக்கிற பைலட்டுக் கதை, அதுக்கு ஆலோசனை சொன்னவரே அவருதான். ரெண்டு வருசத்துல அதே கதை அவரு வூட்டுல நெசமா நடந்துச்சு. அந்த ரெண்டு ராத்திரியும் அந்த மனுசன் எப்பிடிக் கண்ண மூடியிருப்பாருன்னு எந்த சலூன்காரனும் கேக்கல. நீயும் கேக்கல. உனக்கு மீசை போதும்.

அந்த மிக்-21-ஐ 2025 செப்டம்பர் 26-ல சண்டிகர்ல வழியனுப்பி வெச்சிட்டாங்க. 1963-ல வந்த பிளேனு. நீ மீசையை முறுக்கி முடிக்கிறதுக்குள்ள பிளேன் ரிடையர் ஆயிட்ச்சு.

உனக்குக் கிறுக்குப் புடிச்சது எங்கன்னும் தெரியும். 2024 அக்டோபர் 6, மெரினா ஏர் ஷோ. ரஃபேலு, சுகோயி, தேஜஸு, சூரிய கிரண்னு கடல் மேல உறுமிக்கினு போச்சு. ஜனம் பதினஞ்சு லட்சம்னாங்க. போனவங்கள்ல அஞ்சு பேரு வூடு திரும்பல, பாவம். நீ தலைக்குத் துண்டு கூட எடுத்துக்கினு போவாம, பன்னெண்டு மணிக்குக் கலங்கரை விளக்கத்தாண்ட தண்ணி கெடைக்காமச் சுருண்டு வுழுந்து, ஃப்ரெண்டுங்க கைத்தாங்கலா இட்டாந்தானுங்க. வடிவுடையம்மன் காப்பாத்தினா. கீழ நின்னு அண்ணாந்து பாக்கவே தாங்கல, மேல ஏறி ஓட்டப் போறாராம் தொரை.

மேல இன்னா நடக்குதுன்னு எம் மச்சான் சொல்லியிருக்கான். தாம்பரம் ஏர்ஃபோர்ஸ்ல டெக்னீஷியனா இருந்து சார்ஜென்ட்டா ரிடையர் ஆனவன். தாம்பரத்துல கீறது வாத்தியாருங்களுக்கான பள்ளிக்கூடம், தெரியுமா? பிளேன் ஓட்டக் கத்துக் குடுக்கிறவங்க அங்க வந்துதான் கத்துக்கணும். 1948-ல அம்பாலாவுல ஆரம்பிச்சு, 1954-ல நம்ம ஊருக்கு வந்துச்சு. அங்க வாத்தியாருங்களையே ஒக்கார வெச்சுத் திருத்துறான். ட்யூஷன் வாத்தியார் முட்டி போடச் சொன்னார்னு படிப்பையே நிறுத்தப் பாத்த ஆளு நீ.

ஜெட்டு வேகமாப் போய்க்கினே சடார்னு வளையும்போது ஒடம்பு கனக்கும். அத்த 'ஜி'ங்கிறான். ஒம்போது ஜின்னா உன் அறுவது கிலோ ஒடம்பு 540 கிலோ. மண்டைல மாட்டின ஹெல்மெட்டும் ஒம்போது பங்கு. ரத்தம் தலையை உட்டுட்டுக் காலுக்கு எறங்கிடும். மொதல்ல கலரெல்லாம் வெளுத்துப் போவும், அப்பால கண்ணு ஓரம் கறுத்துக்கினே வரும், அப்பால மொத்தமும் இருட்டு. அத்தயும் தாண்டினா நெனவே போச்சு. அதுக்குத்தான் வயித்துலேர்ந்து கால் வரைக்கும் ஜி-சூட்டு மாட்டி உடுறான். அதுல காத்து நெறஞ்சு வயித்தையும் தொடையையும் நெருக்கும். அது மட்டும் பத்தாது. காலு, தொடை, வயிறு எல்லாத்தையும் இறுக்கிக்கினு மூச்சை அடக்கணும், மூணு செகண்டுக்கு ஒரு தபா 'ஹக்'னு உட்டு இழுக்கணும். இப்பிடி முக்கிக்கினு கீறப்பவே எதிரி எங்க கீறான்னு கழுத்தத் திருப்பிப் பாக்கணும், ரேடியோவுல பதில் சொல்லணும், டீசல் எவ்ளோ மிச்சம்னு மனசுல கணக்குப் போடணும். (மச்சான் 'டீசல் இல்ல மாமா, ஏடிஎஃப்'ம்பான். எனக்கு எல்லாம் டீசல்தான்.) இத்தப் பழக்குறதுக்கு பெங்களூர்ல விமானப்படையோட மருத்துவ ஆராய்ச்சிக்கூடத்துல, நீளக் கை ஒண்ணுல ஆளக் கட்டிச் சுத்துற ராட்டினமாட்டம் ஒரு மிஷின் கீது. நீ மாசித் திருவிழா ராட்டினத்துல எறங்கி எஞ் சட்டை மேலயே வாந்தி எடுத்தது எனக்கு மறக்கல.

சரி, தெனப்படி பொழப்பச் சொல்றேன், கேளு. சினிமாவுல பைலட்டு பைக்குல வரான், கூலிங் கிளாஸக் கழட்டுறான், பிளேன்ல ஏறுறான். நெசத்துல அந்தாளு மொத நா ராவு சீக்கிரம் படுத்திருக்கணும். காலைல நாஷ்டா துன்னாம போவக் கூடாது. குடிச்சிருக்கானான்னு ஊத வெச்சுப் பாப்பானுங்க. ட்ராஃபிக் போலீஸ்கிட்ட டபாய்க்கிற வேலையெல்லாம் அங்க நடக்காது. சளி புடிச்சிருந்தா அன்னிக்கிப் பறக்கவே முடியாது. மேலேர்ந்து எறங்கும்போது காதுக்குள்ள காத்து அடைச்சுக்கினு சவ்வு கிழியலாம். தானா மாத்திரை வாங்கி முழுங்குறதும் தப்பு, ஸ்குவாட்ரன் டாக்டராண்ட போயி சொல்லணும். நமக்கு மணலிப் பொகையும் அனல்மின் நிலையச் சாம்பலும் சேந்து தையிலேர்ந்து மார்கழி வரைக்கும் சளிதான். எண்ணூர்க்காரன் பைலட் ஆனா பாதி நாளு கேன்டீன்ல குந்திக்கினு பிளேனப் பாத்துக் கையாட்ட வேண்டியதுதான்.

ஊதியாச்சா, அப்பால பிரீஃபிங். காத்து எந்தப் பக்கம், மேகம் எவ்ளோ ஒசரம், பறவை கீதா. பறவைன்னா சிரிக்காதே. காசிமேட்டுல மீன் குடலுக்கு வட்டமடிக்குதே பருந்து, அதுல ஒண்ணு எஞ்சினுக்குள்ள பூந்துட்டா ஒத்த எஞ்சின் தேஜஸுக்கு வேற எஞ்சின் கெடயாது. அப்பால ஒருத்தன் எழுந்து உன்னப் பாத்து, 'எஞ்சின்ல தீன்னு லைட்டு எரியுது, இன்னா பண்ணுவே?'ம்பான். ஒவ்வொரு படியும் வரிசை மாறாம ஒப்பிக்கணும். பொஸ்தகத்தப் பொரட்டுறதுக்கு மேல நேரம் கெடயாதே. தட்டுனா வாய் தானா சொல்லணும்.

அப்பறம் பிளேனாண்ட போனா, நேரா ஏறிக் குந்திட முடியாது. சுத்தி வரணும். டயரத் தொட்டு, பேனல் ஸ்க்ரூவத் தடவி, எங்கனா எண்ணெய் கசியுதான்னு குனிஞ்சு பாக்கணும். தரையில நிக்கும்போது எதுவும் தப்பா வெடிச்சுடாம இருக்க செவப்பு நாடா கட்டின பின்னுங்க குத்தி வெச்சிருப்பான். அதெல்லாம் எடுத்தாச்சான்னு கண்ணால பாக்கணும். கடைசியா 700-ம் நம்பர் ஃபாரத்துல கையெழுத்து. மச்சான் அடிக்கடி சொல்லுவான்: அதுவரைக்கும் பிளேனு எங்களுது, கையெழுத்து போட்டப்பறம் அவருது, திரும்பி வந்து எறங்கினா மறுபடி எங்களுது. நீ திருவொத்தியூர்ல செஞ்ச புல்லட்டு வெச்சிக்கினு கீறியே, அதுல எஞ்சின் ஆயில் எப்ப மாத்தினே? பாரு, முழிக்கிறே.

இம்மாம் கூத்தும் ஒரு மணி நேரம் பறக்குறதுக்கு. அந்த ஒரு மணி நேரத்தப் பத்தி நீயே ராவும் பகலும் பேசிக்கினு கீறே, நான் புதுசா சொல்ல ஒண்ணும் இல்ல. எறங்கி வந்தப்பறம்தான் அசல் ஆட்டம். அதுக்குப் பேரு டீபிரீஃபிங். காக்பிட்டுல பதிவான வீடியோவப் போட்டு, நிறுத்தி நிறுத்தி, 'இங்க ரெண்டு செகண்டு லேட்டு, இங்க ஒசரம் கொறஞ்சுட்ச்சு, இங்க எதிரி உன் பின்னால கீறான், நீ வேடிக்கை பாக்குறே'ன்னு உரிப்பானுங்க. பறந்தத விட உரிக்கிறது நீளும். அந்த ரூம்ல பெரிய ஆபீசரு தப்பச் சின்ன ஆபீசரும் சொல்லலாம். யாரும் மூஞ்சைத் தூக்கக் கூடாது. உங்கப்பன் 'ஏன்டா லேட்டு'ன்னு கேட்டதுக்கு நீ சோறு துன்னாம எங்கூட்டுத் திண்ணைல வந்து படுத்த கத ஊருக்கே தெரியும். ஒம்போது ஜிய நீ தாங்கினாலும் தாங்குவே. டீபிரீஃபிங்க நீ எப்பிடித் தாங்குவேன்னுதான் நான் கெடந்து யோசிக்கிறேன்.

இப்ப சிரிக்காத விஷயம் ஒண்ணு. 2016 ஜூலை 22-ல தாம்பரத்துலேர்ந்து போர்ட் பிளேர் கெளம்பின ஏஎன்-32, 29 பேரோட காணாமப் போச்சு. அது சண்டை பிளேன் இல்ல, ஆளும் சாமானும் ஏத்துறது. கப்பல் தேடிச்சு, பிளேன் தேடிச்சு, ஒண்ணும் கெடைக்கல. 2024 ஜனவரிலதான், நம்ம கடலுக்குள்ள 3,400 மீட்டர் ஆழத்துல ஒடஞ்ச துண்டு கெடக்குதுன்னு போட்டோ வந்துச்சு. கண்டுபுடிச்சது பள்ளிக்கரணை கடல் ஆராய்ச்சி நிறுவனத்தோட ஆளில்லாக் கருவி. ஏழரை வருசம் அந்தக் குடும்பங்க வாசலப் பாத்துக்கினே இருந்துச்சு. கடலுக்குப் போன ஆளு திரும்பாத வூடு எப்பிடி இருக்கும்னு இந்தக் குப்பத்துல ஒருத்தருக்கும் சொல்லித் தர வேணாம். உங்கம்மா மூக்கைச் சிந்தினதுக்கு அதான் காரணம், நீ ஃபாரம் போடப் போறது இல்ல.

அப்ப போவாதேன்றியா தாத்தான்னு கேக்குறே. எப்பச் சொன்னேன்? எவனாவது போய்த்தான ஆவணும்? சண்டைன்னு வந்தா எதிரி லிஸ்ட்ல மொதப் பேரு போயஸ் கார்டன் இல்ல, நாமதான். ஹார்பரு, மணலி ரிஃபைனரி, வடசென்னை அனல்மின் நிலையம். 1914-ல எம்டன் கப்பல் வந்து குண்டு போட்டதும் ஹார்பராண்ட கீற எண்ணெய் டாங்கு மேலதான். 2025 மே 7-ல போர் ஒத்திகைன்னு சைரன் ஊதினதும் ஹார்பர்லயும் கல்பாக்கத்துலயும்தான். தஞ்சாவூர்ல 2020-லேர்ந்து சுகோயி நிக்குது, சூலூர்ல தேஜஸ் நிக்குது. நம்ம டாங்குக்குக் காவல் காக்குற பசங்கள்ல நம்ம பையன் ஒருத்தன் இருந்தா தப்பா இன்னா?

ஆனா வழியத் தெரிஞ்சுக்கினு போ. ப்ளஸ் டூல கணக்கும் பிசிக்ஸும் வோணும். ஒசரம் கொறையக் கூடாது, அதிகமா வளந்தாலும் வம்பு, காலு நீளம் 99-லேர்ந்து 120 சென்டிமீட்டருக்குள்ள. காக்பிட்டுல மொழங்காலு இடிச்சா, குதிக்கும்போது அது அங்கயே நின்னுடும். கண்ணு நல்லா இருக்கணும், கலர் தெரியணும். கழுத்துல நடிகர் பேரப் பச்ச குத்திக்கினியே, அத்த அங்க ஒத்துக்க மாட்டான். முன்கை உள்பக்கமும் பொறங்கையும்தான் பரவால்ல. பைலட் தேர்வுக்குன்னு ஒரு கம்ப்யூட்டர் டெஸ்ட் வெப்பான், ஜென்மத்துக்கு ஒரு தபாதான். ஃபெயில்னா அப்பால எந்தக் கொம்பனாலயும் பைலட் ஆவ முடியாது. ப்ளஸ் டூ முடிச்சு எழுதுற என்டிஏ பரீட்சைக் கேள்வித்தாளு இங்கிலீஷ்லயும் இந்திலயும் வரும், தமிழ்ல வராது. அதுக்கு நான் கோவப்பட்டுப் பிரயோஜனம் இல்ல, நீ இங்கிலீஷ் பேப்பரப் படி. இருவத்தஞ்சு வயசுக்குள்ள கல்யாணம் ஆயிருக்கக் கூடாது. உன் அத்தைப் பொண்ணுகிட்ட இப்பவே சொல்லிடு, அவ எனக்கும் பேத்தி மொறதான்.

பாஸ் பண்ணா ஹைதராபாத் பக்கம் டுண்டிகல் அகாடமில பிலாட்டஸ் பிளேன்ல கை பழகணும். சண்டை பிளேனுக்குப் பொறுக்கி எடுத்தா பீதர்ல ஹாக் ஜெட்டு. சம்பளம் உங்கம்மாவுக்குச் சொல்லிடு, மனசு ஆறும்: ஃபிளையிங் ஆபீசருக்கு அடிப்படை 56,100, ராணுவச் சேவைக்கு 15,500, பறக்குறதுக்குத் தனியா அலவன்ஸ். ட்ராலர் ஓனருக்குக் கூட எல்லா மாசமும் இது நிக்காது.

இன்னொண்ணு நைனா. நான் இவ்ளோ நேரம் பேசினப்ப நீ செல்போனப் பாத்துக்கினு இருந்தே. உன் தங்கச்சி அந்தத் தூணாண்ட நின்னு, 'அந்த டீபிரீஃபிங்ல யாரு தாத்தா மார்க் போடுவா?'ன்னு கேட்டா. 2016-லயே மூணு பொண்ணுங்க சண்டை பைலட்டா சேந்துட்டாங்க. என்டிஏ அகாடமில படிச்ச மொத பேட்ச் பொண்ணுங்க 2025 மே மாசம் வெளிய வந்துட்டாங்க. டிகிரி முடிச்சவங்களுக்கு அஃப்கேட் பரீட்சை ஃபாரம் வழக்கமா ஜூன்லயும் டிசம்பர்லயும் வரும், ப்ளஸ் டூக்காரங்களுக்கு என்டிஏ வருசத்துக்கு ரெண்டு தபா. பிரவுசிங் சென்டருக்குப் போவும்போது அவளையும் இட்டுக்கினு போ, அவ பேரையும் சேத்துப் பதிஞ்சுட்டு வா. ஃபாரத்துக்குக் காசு நான் தரேன், மீசை எடுக்கிறதுக்கு நீயே குடுத்துக்கோ.